வான்படங்களின் சாட்சியம்: பெரம்பலூர் – அரியலூர் வரலாற்றுத் தலங்களை முன்வைத்து

ஓர் ஊரின் பழமையை அறிய விரும்புவோர் பொதுவாக மூன்று வாயில்களை நாடுவர். கல்வெட்டும் செப்பேடும் ஒன்று. நூல்களும் அரசு ஆவணங்களும் மற்றொன்று. அகழாய்வில் வெளிப்படும் கட்டட எச்சங்களும் பொருள்களும் மூன்றாவது. கடந்த ஒரு நூற்றாண்டுக் காலத்தில் நான்காவதாகவும் ஒரு வாயில் திறந்துள்ளது. வானிலிருந்து எடுக்கப்படும் நிழற்படமே அது. தரையில் நிற்பவர் கண்ணுக்கு வெறும் மேடாகவும் வரப்பாகவும் தோன்றுவது, உயரத்திலிருந்து நோக்கும்போது ஒரு கோட்டையின் மதிலாகவும் ஒரு நகரின் தெருவாகவும் உருப்பெறுகிறது. அதே இடத்தை வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த படங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், அந்தத் தலம் எவ்வாறு சுருங்கியது, எதை இழந்தது, அதனருகே எது புதிதாய் வந்தது என்பனவும் புலனாகின்றன.

இத்தகைய முயற்சி நம் மரபுக்கு அந்நியமானதன்று. அரபு இலக்கியத்தில் ‘கிதத்’ எனப்படும் ஒரு நூல்வகை உண்டு. ஒரு நகரின் வட்டாரங்கள், தெருக்கள், கடைவீதிகள், பள்ளிவாசல்கள், மதரஸாக்கள், ஹம்மாம்கள், அடக்கத்தலங்கள் ஆகியவற்றை இடம் இடமாக எடுத்துரைத்து, அவற்றை எழுப்பியவர் யார், பின்னர் அவை என்னவாயின என்பதைப் பதிவுசெய்வது அந்நூல்களின் நோக்கம். கெய்ரோ மாநகரைப் பற்றி அல்லாமா தகிய்யுத்தீன் அல்மக்ரீஸீ (1364–1442) எழுதிய ‘அல்மவாயிழ் வல்இஃதிபார்’ என்னும் பெருநூல் இவ்வகையில் தலைசிறந்தது. தம் காலத்திலேயே இடிந்தும் கைமாறியும் போய்க்கொண்டிருந்த கட்டடங்களை அவர் எழுத்தில் நிறுத்திவைத்தார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அலீ பாஷா முபாரக் 20 பாகங்களில் அப்பணியை எகிப்து முழுமைக்கும் விரித்தார். இந்நூல்கள் இல்லையெனில் கெய்ரோவின் பல பள்ளிவாசல்கள் பெயரளவிலும் எஞ்சியிரா.

வான்படத் தொகுப்பை இக்காலத்துக் ‘கிதத்’ என்று கருதலாம். ஆயினும் மக்ரீஸீயின் நூல் தானே பேசும். படமோ தானாகப் பேசாது. எழுத்துச் சான்றும் களத்தில் கண்டறிந்த உண்மையும் துணைநின்றால்தான் அது சாட்சியமாகும். பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலுள்ள இரு வரலாற்றுத் தலங்களைக் கொண்டு இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

வான்படம் வளர்ந்த வரலாறு

1858-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டவரான நதார் என்பவர் பாரிஸ் நகரின் அருகே பலூனில் ஏறி நிலப்பரப்பைப் படம்பிடித்தார். அப்படம் இன்று இல்லை. 1860-இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரை ஜேம்ஸ் வாலஸ் பிளாக் பலூனிலிருந்து எடுத்த படமே இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழையது. 1906-இல் இங்கிலாந்தின் ‘ஸ்டோன்ஹெஞ்ச்’ என்னும் தொன்மையான கல்வட்டம் இராணுவ பலூனிலிருந்து படமாக்கப்பட்டது. தொல்லியல் தலங்களின் தொடக்கக்கால வான்படங்களுள் இது புகழ்பெற்றது.

முதல் உலகப்போர் இக்கலையைப் பெரிதும் வளர்த்தது. எதிரியின் பதுங்குகுழிகளைக் கண்டறிய எடுத்த படங்களில், எதிர்பாராத வகையில், பழங்கால நகரங்களின் வடிவங்களும் பதிவாயின. போருக்குப் பின்னர் இங்கிலாந்தில் கிராஃபோர்டும் சிரியாவில் பிரெஞ்சுப் பாதிரியார் புவாடெபாரும் இதனை ஒரு தனித்துறையாக வளர்த்தெடுத்தனர்.

விண்வெளியுகம் அடுத்த கட்டம். 1960 முதல் 1972 வரை அமெரிக்காவின் ‘கொரோனா’ உளவுச் செயற்கைக்கோள்கள் எட்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தன. படச்சுருள்கள் அடங்கிய கலங்கள் விண்ணிலிருந்து விடப்பட்டு, வானிலேயே விமானங்களால் பிடிக்கப்பட்டன. 1995-இல் இப்படங்களின் மீதிருந்த இரகசியத் தடை நீக்கப்பட்டது. போர்த் தேவைக்காக எடுத்தவை இன்று வரலாற்று ஆவணங்களாகி விட்டன. 1972 முதல் ‘லேண்ட்சாட்’ வரிசைச் செயற்கைக்கோள்கள் இடையறாது உலகைப் படமெடுத்து வருகின்றன. இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988-இல் ஏவப்பட்டது. 2005-இல் வந்த ‘கூகுள் எர்த்’, 2009-இல் இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ‘புவன்’ ஆகியவற்றால், முன்பு இராணுவத்துக்கும் ஆய்வாளருக்கும் மட்டுமே கிட்டிய காட்சி, கணினி வைத்திருக்கும் எவருக்கும் கிட்டலாயிற்று. அண்மைக் காலத்தில் ஆளில்லாச் சிறுவிமானம், அதாவது ட்ரோன், ஒரு செங்கல் வரிசையையும் தெளிவாகக் காட்டும் அளவுக்குத் தாழப் பறந்து படமெடுக்கிறது.

புதைந்தது எவ்வாறு தெரிகிறது?

மண்ணுக்குள் மறைந்த சுவர் வானிலிருந்து எவ்வாறு தெரியும் என்னும் ஐயம் எழுவது இயல்பு. இதற்கு மூன்று வழிகள் உள்ளன.

முதலாவது நிழல். காலையிலும் மாலையிலும் கதிரவன் தாழ்ந்திருக்கும்போது, ஒரு முழ உயரமே உள்ள மேடும் நீண்ட நிழலை வீழ்த்தும். உச்சி வேளையில் தட்டையாகத் தோன்றும் நிலம் அப்போது கோடும் கட்டமுமாகக் காட்சியளிக்கும்.

இரண்டாவது பயிர். அடியில் செங்கற்சுவர் இருந்தால் அதன்மேல் விளையும் பயிருக்கு வேர்விட ஆழமும் ஈரமும் போதா. அவ்விடத்தில் பயிர் குட்டையாகி விரைவில் பழுக்கும். அடியில் தூர்ந்துபோன அகழியோ வாய்க்காலோ இருந்தால், அங்கே மண் ஆழமாகவும் ஈரமாகவும் இருக்குமாதலால் பயிர் செழித்து நிற்கும். வயலில் நடப்பவருக்கு இது ஒழுங்கற்ற விளைச்சலாகவே படும். வானிலிருந்து பார்ப்பவருக்கோ அது ஒரு நேர்கோடு அல்லது வளைகோடு.

மூன்றாவது மண்ணின் நிறம். உழுத நிலத்தில் செங்கற்பொடி கலந்த மண் சிவந்தும், பழைய வண்டல் கறுத்தும் தோன்றும். மழை பெய்து நிலம் உலரும்போது இவ்வேறுபாடு மேலும் துலங்கும்.

ஸாமர்ரா தரும் பாடம்

அப்பாஸிய கலீஃபா அல்முஃதஸிம் கி.பி. 836-இல் (ஹிஜ்ரி 221) பக்தாதை விட்டு நீங்கி, டைக்ரிஸ் நதிக்கரையில் ஸாமர்ரா என்னும் புதிய தலைநகரை நிறுவினார். அரை நூற்றாண்டுக்குச் சற்றே கூடுதலான காலம் அது தலைநகராக விளங்கியது. 892-இல் கிலாஃபத் பக்தாதுக்கே திரும்பியது. நகரின் பெரும்பகுதி கைவிடப்பட்டது. அல்முதவக்கில் எழுப்பிய ஜாமிஆப் பள்ளிவாசலின் சுற்றுச்சுவரும், சுருள்வடிவில் மேலேறும் ‘மல்விய்யா’ மினாராவும் ஓங்கி நிற்க, ஏனைய மண்கட்டடங்கள் மண்ணோடு மண்ணாயின.

முதல் உலகப்போரின்போது அந்நிலப்பரப்பின்மீது பறந்து ஆய்ந்த பிரித்தானிய நில அளவை அதிகாரி பீஸ்லி, கீழே ஒரு பெருநகரின் தெருக்களும் வாய்க்கால்களும் வரைந்துவைத்தாற்போல் கிடப்பதைக் கண்டார். தரையில் நடந்தபோதோ வெறும் மேடுகளும் பள்ளங்களுமே தென்பட்டன. 1919-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, தொல்லியலுக்கு வான்படம் பயன்படும் என்பதை உலகுக்கு எடுத்துரைத்த முன்னோடிக் கட்டுரைகளுள் ஒன்று.

ஆனால் அந்தக் கோடுகளுக்குப் பெயர் சூட்டியது எது? ஒன்பதாம் நூற்றாண்டின் புவியியலாளர் அல்யஃகூபீ தம் ‘கிதாபுல் புல்தான்’ நூலில், ஸாமர்ராவின் பெருவீதிகளையும், ஒவ்வொரு படைப்பிரிவுக்கும் ஒதுக்கப்பட்ட நிலப்பகுதிகளையும் வரிசையாகக் குறிப்பிட்டுள்ளார். பின்வந்த ஆய்வாளர்கள், குறிப்பாக அலஸ்டர் நார்தெட்ஜ், அந்நூலையும் வான்படங்களையும் ஒருங்கே வைத்துப் படித்து நகரின் வரைபடத்தை மீட்டெடுத்தனர். படம் கோட்டைத் தந்தது; நூல் அக்கோட்டின் பெயரைத் தந்தது. 2007-இல் ஸாமர்ரா யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. வடக்கு – தெற்காக 41.5 கிலோமீட்டர் நீளும் அந்நகரின் பெரும்பகுதி இன்னமும் அகழப்படாமலே கிடக்கிறது.

இதை இங்குக் கூறுவதற்குக் காரணம் உண்டு. ஓர் அரசர் புதிதாகத் தோற்றுவித்த தலைநகர். காலத்தை வென்று நிற்கும் ஒரு வழிபாட்டுத்தலம். சுற்றிலும் மண்ணில் மறைந்த மாநகர். இவ்வடிவம் அரியலூர் மாவட்டத்திலும் அப்படியே அமைந்துள்ளது.

கங்கைகொண்ட சோழபுரம்: மறைந்த மாநகர்

முதலாம் இராசேந்திர சோழன் தன் வடநாட்டுப் படையெடுப்பின் வெற்றி நினைவாக 1025-ஆம் ஆண்டளவில் அமைத்த கங்கைகொண்ட சோழபுரம், ஏறத்தாழ 250 ஆண்டுகள் சோழப் பேரரசின் தலைநகராக இருந்தது. இன்று அங்குச் செல்வோர் காண்பது, ஏறத்தாழ 55 மீட்டர் உயர்ந்த விமானத்தையுடைய சிவன் கோயிலை மட்டுமே. 2004-இல் அது யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அரண்மனை எங்கே, மதில் எங்கே, தெருக்கள் எங்கே என்று வினவினால் சுற்றிலுமுள்ள வயல்களும் சிற்றூர்களுமே விடை.

அவ்வூர்ப் பெயர்களே முதற்சான்று. உட்கோட்டை, மாளிகைமேடு, ஆயுதக்களம், மெய்க்காவல்புத்தூர் என்பன அரசிருக்கையின் உறுப்புகளை இன்றளவும் ஒலித்துக்கொண்டிருக்கின்றன. இரண்டாவது சான்று கல்வெட்டு. சோழகேரளன் திருமாளிகை, இராசராசப் பெருவழி, இராசேந்திரன் பெருவழி, குலோத்துங்க சோழன் திருமதில், மதுராந்தக வடவாறு எனப் பெயர்களைக் கல்வெட்டுகள் வழங்குகின்றன. ஸாமர்ராவுக்கு அல்யஃகூபீ செய்த பணியை இங்குக் கல்வெட்டுகள் செய்கின்றன. வடவாறு இன்றும் அதே பெயருடன் ஓடுகிறது. செயற்கைக்கோள் படத்தில் தெளிவாகத் தெரிகிறது. பெருவழிகளைத்தான் தேட வேண்டியுள்ளது.

மூன்றாவது சான்று அகழாய்வு. கோயிலுக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் தொலைவிலுள்ள மாளிகைமேட்டில், தமிழ்நாடு மாநிலத் தொல்லியல் துறை 1980 முதல் பல கட்டங்களாக அகழாய்வு நடத்தி அரண்மனையின் செங்கற்சுவர்களையும் கூரை ஓடுகளையும் சீனப் பீங்கான் சில்லுகளையும் வெளிக்கொணர்ந்தது. அரண்மனைப் பகுதியைச் சூழ்ந்த மதிலின் அமைப்பும் அறியப்பட்டது: இருபுறமும் செங்கற்சுவர் எழுப்பி, இடையே மணல் நிரப்பிய கட்டுமானம் அது. இத்தகைய மதில் அழிந்தால், செங்கற்கள் பெயர்க்கப்பட்ட இரு பள்ளக்கோடுகளும் அவற்றினிடையே மணல்மேடும் எஞ்சும். வானிலிருந்து அறிவதற்கு இதனினும் ஏற்ற அடையாளம் அரிது. 2021-இல் தொல்லியல் துறை, புதிய அகழாய்வுக்கு முன்னோடியாக, ஆளில்லா விமானத்தின் துணைகொண்டு இப்பகுதியை ஆராய்ந்தது. குழி தோண்டுமுன் எங்கே தோண்டுவது என்பதைத் தேர்ந்தெடுக்க இம்முறை உதவுகிறது.

இங்கே அழிவின் வரலாற்றையும் கருதவேண்டும். அரண்மனைச் செங்கற்களைத் தலைமுறை தலைமுறையாக மக்கள் வீடு கட்ட எடுத்துச் சென்றனர். 18-ஆம் நூற்றாண்டுப் போர்களில் கோயில் வளாகமே கோட்டையாகப் பயன்பட்டுச் சேதமுற்றது. 1836-இல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டப்பட்டபோது, கோயிலின் திருச்சுற்று மதிற்கற்கள் பெயர்த்து எடுத்துச் செல்லப்பட்டன. கோயிலையும் கீழணையையும் ஒரே செயற்கைக்கோள் படத்தில் காணலாம். கோயிலைச் சுற்றி வெறுமையாகக் கிடக்கும் இடம், ஆற்றின் குறுக்கே அணையாகக் கிடக்கிறது. ஒரு சின்னத்தின் இழப்பே மற்றொன்றின் ஆக்கமாயிற்று. கீழணை பல்லாயிரம் ஏக்கருக்கு நீர் தருவது. ஆகவே அதனைப் பழித்துப் பயனில்லை. ஆனால் இவ்விரண்டுக்கும் உள்ள உறவைப் படம் மட்டும் பார்ப்பவர் அறியமாட்டார். ஆவணம் படித்தவரே அறிவார்.

சோழகங்கம்: நீர்த் தூணின் கதை

இராசேந்திரன் கங்கை நீரைக் கொணர்ந்து, நீரால் ஆன வெற்றித்தூணாகச் ‘சோழகங்கம்’ என்னும் ஏரியை அமைத்தான் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் கூறுகின்றன. இன்று பொன்னேரி என்று வழங்குவது அதுவே. 1855-இல் வெளிவந்த தென்னிந்திய விவரச்சுவடி ஒன்று, உடையார்பாளையம் வட்டத்தில் வடக்கு – தெற்காக 16 மைல் நீளமுள்ள ஒரு கரை கிடப்பதையும், கொள்ளிடத்திலிருந்து 60 மைலுக்கு மேற்பட்ட நீளமுள்ள வாய்க்காலும் வெள்ளாற்றிலிருந்து ஒரு சிறு வாய்க்காலும் அதற்கு நீர் கொணர்ந்ததையும், தான் எழுதப்பட்ட காலத்தில் ஏரி பாழடைந்து காடுமண்டிக் கிடந்ததையும் பதிவுசெய்துள்ளது.

16 மைல் என்பது ஏறத்தாழ 26 கிலோமீட்டர். இத்தனை நீளமான ஒரு கரையைத் தரையில் நிற்பவர் ஒருபோதும் முழுமையாகக் காணவியலாது. ஓரிடத்தில் அது வண்டிப்பாதை, ஓரிடத்தில் மரங்கள் நிறைந்த மேடு, ஓரிடத்தில் வயல்வரப்பு. இவையனைத்தும் ஒரே பொருளின் துண்டுகள் என்பதை உயரத்திலிருந்து நோக்கினால்தான் உணரமுடியும். ஏரியின் பழைய நீர்ப்பரப்பில் எவ்வளவு இன்று நீர்ப்பரப்பாக உள்ளது, எவ்வளவு வேளாண் நிலமாயிற்று, நீர்வரத்து வாய்க்கால்கள் எவ்விடத்தில் அறுந்தன என்பனவற்றை வெவ்வேறு பத்தாண்டுகளின் படங்களைக் கொண்டு அளந்தறியலாம். இது வரலாற்று ஆர்வத்தோடு முடிவதன்று. சோழகங்கத்தைச் சீரமைப்பதாகத் தமிழக அரசு 2025-இல் அறிவித்தது. பழைய கரை எது, பழைய வாய்க்கால் எது என்று அறியாமல் மேற்கொள்ளப்படும் சீரமைப்பு, எஞ்சியிருக்கும் தடயத்தையும் அழித்துவிடக் கூடும். ஆகவே பொறியாளரின் பணிக்கு முன் படம் படிப்போரின் பணி நிகழவேண்டும்.

ரஞ்சன்குடி: மூன்று மதில்களும் ஒரு பேட்டையும்

பெரம்பலூருக்கு வடக்கே, சென்னை – திருச்சி நெடுஞ்சாலையையொட்டி ரஞ்சன்குடிக் கோட்டை அமைந்துள்ளது. இதனையடுத்த வாலிகண்டபுரம் 17-ஆம் நூற்றாண்டில் பீஜாப்பூர் சுல்தானின் ஆளுநர் ஷேர்கான் லோதியின் இருப்பிடமாக விளங்கியது. பிரெஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேற 1673-இல் இசைவளித்தவர் இவரே. அவ்வகையில் புதுச்சேரி என்னும் நகரின் தோற்றத்துக்கும் பெரம்பலூர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கும் தொடர்பு உண்டு. 1677-இல் ஷேர்கான் மராட்டிய மன்னர் சிவாஜியிடம் தோற்றார். பின்னர் இப்பகுதி கர்நாடக நவாபுகளின் ஆட்சிக்குட்பட்டது.

1751-இல் சந்தா சாகிபும் பிரெஞ்சுக்காரரும் ஒருபுறமும், முகம்மது அலீயும் ஆங்கிலேயரும் மறுபுறமுமாக இங்கே மோதினர். ஆங்கிலப்படை நிலைகுலைந்து திருச்சிராப்பள்ளியை நோக்கிப் பின்வாங்கியது. ஆற்காட்டைக் கிளைவ் கைப்பற்றியது இதற்கடுத்த நிகழ்வு. 1752-இல் பிரெஞ்சுத் தளபதி தோத்தேய் சரணடைந்ததும் இதே வட்டாரத்தில்தான்.

அப்போர்களின் வரலாற்றை எழுதிய ராபர்ட் ஓர்ம், 1763-இல் வெளிவந்த தம் நூலின் முதல் தொகுதியில் இக்கோட்டையை விவரிக்கிறார். பாறையைச் சுற்றி அடியிலும், உச்சிக்கு அருகிலும், உச்சியிலுமாக மூன்று மதில்கள். பாறைக்குக் கிழக்கே சமவெளியில் கல்லால் கட்டிய கோட்டை. அதனையடுத்து மண்மதில் சூழ்ந்த ஊர் என்பது அவர் தரும் வருணனை. 

இவ்வருணனையை ஒரு கையிலும் வான்படத்தை மறு கையிலும் வைத்துப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. நீள்வடிவமான சுற்றமைப்பும், அரைவட்டக் கொத்தளங்களும், அகழியின் வளைவும், படிப்படியாக மேலேறும் மூன்று அரண்களும் மேலிருந்து நோக்கும்போது ஒரே ஏற்பாடாகத் துலங்குகின்றன. கோட்டைக்குள் பள்ளிவாசல், அரண்மனைப் பகுதி, நிலவறைகள், ‘பேட்டை’ எனப்படும் குடியிருப்புப் பகுதி ஆகியவை உள்ளன. கல்மதில் நிலைத்தது. மண்மதில் நிலைப்பதன்று, மழையில் கரைந்தும் ஏர்முனையில் சிதைந்தும் போவது அதன் இயல்பு. ஆயினும் மண்மதிலின் அடித்தடம் பயிரிலும் மண்ணின் நிறத்திலும் நெடுங்காலம் எஞ்சக்கூடும் என்பதை மேலே கண்டோம். போர்வீரர் எரித்த, வணிகரும் நெசவாளரும் வாழ்ந்த ஊரைத் தேட வேண்டிய இடம் மதிலுக்கு வெளியேயுள்ள அந்த வயல்கள்தாம்.

இங்கேதான் கவலைக்குரிய செய்தி உள்ளது. கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. 2010-இல் திருத்தப்பட்ட சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்திலிருந்து 100 மீட்டர் வரை கட்டுமானத்துக்குத் தடையும், அதற்கப்பால் 200 மீட்டர் வரை கட்டுப்பாடும் உண்டு. ஆனால் ஒரு கோட்டை மதிலோடு முடிந்துவிடுவதில்லை. அதற்கு நீர் தந்த குளம், அதன் படைகள் தங்கிய வெளி, அதில் வாழ்ந்தோரின் அடக்கத்தலம், அதனை நோக்கி வந்த பழைய பாதை எல்லாம் சேர்ந்ததே அத்தலம். இவற்றுள் பெரும்பாலானவை சட்டத்தின் எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. நெடுஞ்சாலை நான்கு வழியாக அகன்றதும், சாலையோர நிலங்கள் மனைகளானதும் இந்த நூற்றாண்டின் படங்களில் ஆண்டுக்காண்டு காணக்கூடிய மாற்றங்கள். சின்னம் அப்படியே நிற்க, அதன் சூழல் மட்டும் சத்தமின்றி மறைகிறது. தரையில் அன்றாடம் அவ்வழியே போவோர் இதனை உணர்வதில்லை. இருபதாண்டு இடைவெளியில் எடுத்த இரு படங்கள் உணர்த்திவிடும்.

அரியலூர் வட்டாரத்தில் இதே மாற்றம் வேறு வகையில் நிகழ்ந்துள்ளது. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலாயிருந்த இப்பகுதியின் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் ஆலைகளுக்கு மூலப்பொருள். சுரங்கக்குழிகள் செயற்கைக்கோள் படத்தில் வெளிறிய பெருந்திட்டுகளாகவும், நீர் தேங்கியவை நீலப்பச்சைக் குளங்களாகவும் தோன்றும். தொழிலும் பிழைப்பும் அவற்றால் வந்தன என்பது உண்மை. அதே வேளையில், சுரங்கம் விரியும் திசையில் என்ன இருந்தது என்பதை அறிய, சுரங்கத்துக்கு முற்பட்ட படத்தைத் தவிர வேறு எளிய சான்று எஞ்சுவதில்லை.

கரீனாவும் ஷஹாதத்தும்

வான்படத்தின் சான்றுவலிமை எத்தகையது? ஃபிக்ஹு நூல்களில் ‘ஷஹாதத்’ என்னும் நேரடிச் சாட்சியத்துக்கும் ‘கரீனா’ என்னும் சூழ்நிலைச் சான்றுக்கும் வேறுபாடு காட்டப்படுவது அறிஞர் அறிந்ததே. இமாம் இப்னுல் கய்யிம் (மறைவு 1350) தம் ‘அத்துருகுல் ஹுக்மிய்யா’வில் கரீனாவின் மதிப்பை விரிவாக ஆராய்கிறார். யூசுஃப் நபி (அலை) அவர்களின் சட்டை பின்புறம் கிழிந்திருந்தமை உண்மையை வெளிப்படுத்திய நிகழ்வு, இதற்கு எடுத்துக்காட்டாகக் காட்டப்படுவது வழக்கம். கிழிசல் தானாகப் பேசவில்லை. அது எப்பக்கம் இருந்தால் எதனைக் குறிக்கும் என்று அறிந்துரைக்க ஒருவர் தேவைப்பட்டார்.

வான்படமும் கரீனாவே. அதனைப் படிப்பதில் பிழை நேரும் வழிகள் பல. கார்த்திகையில் நிறைந்து கிடக்கும் ஏரி சித்திரையில் வறண்ட நிலமாகத் தோன்றும். இரு பருவங்களின் படங்களை ஒப்பிட்டு ‘ஏரி அழிந்தது’ என முடிவுகட்டுவது தவறு. ஏரியில் சீமைக்கருவேலம் அடர்ந்திருந்தால் படத்தில் பசுமை தெரியும். அதனை விளைச்சல் என்று கொள்வதும் தவறு. அண்மைக்காலக் குழாய்ப்பதிப்பும் பழைய மதிலைப் போலவே நேர்கோடாகத் தெரியும். ஆகவேதான் படத்தில் கண்டதைக் களத்தில் சென்று சரிபார்ப்பது இத்துறையின் முதல் விதியாக உள்ளது.

ஹதீஸ் கலையில் இஸ்னாத் இன்றியமையாதது போன்று, படத்துக்கும் ஒரு தொடர் வேண்டும். எந்த நாளில், எந்த நேரத்தில், எக்கருவியால், எந்த உயரத்திலிருந்து எடுத்தது. இதுவரை யாரிடம் இருந்தது. இடையில் திருத்தப்பட்டதா என்பன தெரியாத படம், அறிவிப்பாளர் தெரியாத அறிவிப்புக்கு ஒப்பாகும். கைப்பேசியில் சுற்றிவரும் படங்களைக் கொண்டு வரலாறு பேசுவோர் இதனை மனத்திற்கொள்ள வேண்டும். ஒரு தலத்தின் உரிமை குறித்த வழக்கில் இத்தகைய படத்தை ஆராயாமல் நீட்டுவது, வரலாற்றுக்கும் நீதிக்கும் ஒருசேரத் தீங்கிழைக்கும்.

நாம் செய்யக்கூடியது

பெருஞ்சின்னங்களுக்கு அரசும் அறிஞரும் உள்ளனர். சிறு தலங்களுக்கு யார் உள்ளனர்? லப்பைக்குடிக்காடு, வி.களத்தூர் போன்ற ஊர்களில் பழைய பள்ளிவாசல்களும் ஹவ்ழுகளும் கபரஸ்தான்களும் தர்காக்களும் உள்ளன. இத்தகைய தலங்கள் பலவற்றுக்குக் கல்வெட்டு இராது. பள்ளிவாசல் புதுப்பிக்கப்படும்போது பழைய கட்டடம் ஒரு படங்கூட எஞ்சாமல் மறைகிறது. கபரஸ்தானின் எல்லை ஆண்டுக்கு ஓரடி நகர்கிறது. முதியோர் மறையும்போது எல்லை பற்றிய நினைவும் மறைகிறது. வக்ஃப் சொத்துகளின் விவரங்களைப் புவிக்குறியீட்டுடன் பதியும் ‘உமீத்’ இணையத்தளம் 2025 ஜூனில் தொடங்கப்பட்டபின், ஒவ்வொரு தலத்தின் இருப்பிடமும் எல்லையும் துல்லியமாகத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயமும் வந்துள்ளது.

ஒவ்வொரு ஜமாஅத்தும் பெருஞ்செலவின்றிச் செய்யக்கூடிய பணிகள் உள்ளன. முதலாவதாக, கிராமத்தின் அ-பதிவேடு, புலப்படம் ஆகியவற்றின் படிகளைப் பெற்று, தலத்தின் சர்வே எண்ணையும் அளவுகளையும் குறித்துவைக்கலாம். இரண்டாவதாக, ‘கூகுள் எர்த்’ மென்பொருளில் பழைய ஆண்டுகளின் படங்களை வரிசையாகப் பார்க்கும் வசதி உள்ளது. கல்லூரி மாணவர் ஒருவரைக் கொண்டு அவற்றை நாள் குறித்துச் சேமிக்கலாம். மூன்றாவதாக, ஊரின் முதியோரிடம் அப்படங்களைக் காட்டி, இந்த மேடு எது, இந்தப் பாதை எங்கே போயிற்று எனக் கேட்டு எழுதலாம். அல்யஃகூபீ ஸாமர்ராவுக்குச் செய்ததை அம்முதியோர் தம் ஊருக்குச் செய்வர். நான்காவதாக, பழைய கட்டடத்தை இடிக்குமுன் அதனை எல்லாப் பக்கமும் மேலிருந்தும் படமெடுத்து, அளந்து, ஆவணமாக்கலாம். ட்ரோன் பறக்கவிடுவதற்கு 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி இடத்துக்கேற்ற கட்டுப்பாடுகளும் அனுமதிகளும் உள்ளன. பாதுகாக்கப்பட்ட சின்னங்களுக்குத் தொல்லியல் துறையின் இசைவும் வேண்டும். அரபுக் கல்லூரிகள் இப்பயிற்சியை மாணவர்களின் வரலாற்றுப் பாடத்தோடு இணைத்தால், ‘கிதத்’ மரபு நம் மண்ணில் தமிழில் தொடரும்.

இப்பணியில் சமயவேறுபாடு பாராட்டுவதற்கு இடமில்லை. வாலிகண்டபுரத்தில் சோழர்காலச் சிவன் கோயிலும் பீஜாப்பூர் ஆளுநரின் வரலாறும் ஒரே ஊரின் உடைமை. கங்கைகொண்ட சோழபுரத்தின் ஏரிக்கரையைக் காப்பது அவ்வூர் உழவர் அனைவருக்கும் பயன். மேலிருந்து எடுத்த படத்தில் ஒரு தலத்தின் எல்லையும் அடுத்த தலத்தின் எல்லையும் சேர்ந்தே பதிகின்றன. ஒன்றனைக் காக்கும் ஆவணம் மற்றதையும் காக்கும்.

முன்னோர் விட்டுச்சென்ற தடயங்களைப் பூமியில் சென்று கண்டு படிப்பினை பெறுமாறு இறைமறை நம்மைப் பன்முறை தூண்டுகிறது. மக்ரீஸீ தம் நூற்பெயரிலேயே ‘இஃதிபார்’ என்னும் சொல்லை வைத்தமை அதனாலேயே. காண்பதற்குரிய கருவி இன்று எளிதில் கிட்டுகிறது. காணவேண்டிய தடயங்களோ ஒவ்வோர் உழவிலும் ஒவ்வொரு மனைப்பிரிவிலும் குறைந்து வருகின்றன. ஆகவே இவ்வாண்டின் படத்தை இவ்வாண்டே சேமித்து, அதில் காணும் ஒவ்வொரு கோட்டுக்கும் உரிய பெயரை அறிந்தவர் வாழும்போதே எழுதிவைப்பது நம் கடமையாகும்.